பிறையுருவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு மட்டை

"உனக்கு ஆர்ட்ஸ்தான் மகள் லேசு. கண்ணைப் போட்டுக் கஷ்டப்படுத்திக்காத."

2019 கடைசியில் ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்தியிடம் நான் சொன்னது இது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துவிட்டு, நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். மலையகத்தில் தமிழ்மொழியில் உயர்தர (பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தர) விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளே குறைவு. அப்படியொன்றில் இருந்துகொண்டு, விஞ்ஞானம் படிக்கவேண்டும் என்று தானாக வந்து கேட்டவளைத் திருப்பி அனுப்பினேன். தலையைத் தடவித்தான் சொன்னேன். அவளும் "சரி டீச்சர்" என்று போய்விட்டாள்.

அவள் பெயர் வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் அவளுக்கு வைத்த பெயர் "தொரசானி", வெள்ளைக்காரத் துரையம்மா. பிறவியிலேயே அல்பினிசம்: வெள்ளை முடி, வெயில் பட்டால் சிவந்து கொப்பளிக்கும் தோல், ஊசல்போல் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும் கண்கள். எதையாவது உற்றுப் பார்க்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். அந்தச் சாய்வில் கண்ணின் ஆட்டம் கொஞ்சம் அடங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. "நேராப் பாரும்மா" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இந்தப் பார்வைக் குறை கண்ணாடியால் முழுதாகச் சரியாவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி சரியாக வளராததால் வருவது அது. புத்தகத்தை மூக்குக்குக் கிட்ட வைத்துப் படித்தால் கண் கெட்டுவிடும் என்பதும் வெறும் பேச்சு. அவளுக்குத் தெரிகிற தூரம் அதுதான்.

நாங்கள் அவளுக்குச் செய்த ஒரே உதவி, முன்வாங்கில் ஜன்னலோரம் இடம் கொடுத்தது. நல்ல வெளிச்சமாயிற்றே! அந்த வகுப்பிலேயே அவளுக்கு ஆகாத இடம் எதுவென்று தேடினால் அதுதான் கிடைத்திருக்கும். வெளியே தகரக் கூரையில் பட்டுத் தெறிக்கும் வெயில் நேராக அவள் கண்ணில் விழும். நாலு வருடம் அங்கேதான் இருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. டீச்சர்மார் கொடுத்த இடமல்லவா.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். குறிப்புகளை எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தோம். அவள் அப்பாவுக்கு ஒரு போன் இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே பழைய மாரியம்மன் கோயிலடிக்குப் போனால் இரண்டு கோடு வரும். அங்கிருந்து பதில்கள் வந்தன. எல்லாம் சரி, படங்கள்கூடச் சரி. எனக்குச் சந்தேகம் வந்தது. அண்ணன்காரன் எழுதிக் கொடுக்கிறானோ? போன் எடுத்துக் கேட்டேன்.

"நான்தான் டீச்சர் எழுதினேன். போன்ல பெரிசாக்கிப் பார்க்கலாம்தானே. போர்ட்டைப் பெரிசாக்க ஏலாதே."

"அப்ப இவ்வளவு நாளும் போர்ட்டை எப்படிப் பார்த்த?"

"பார்க்கல டீச்சர். நீங்க எழுதுறப்ப வாயாலயும் சொல்லுவீங்க. அதைக் கேட்டு எழுதிக்குவேன். சொல்லாம எழுதினதெல்லாம் எனக்கு இல்ல."

அன்று இரவு என் பாடக்குறிப்புகளை எடுத்து, எதையெல்லாம் வாயால் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். சமன்பாடுகளை நான் சொல்வதில்லை. "இதையும் இதையும் சேர்த்தா இது வரும், பாருங்க" என்று விரலால் காட்டிவிட்டுப் போகிறவள் நான். இதில் பாதி அவளுக்கு இல்லை. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அறுபது, எழுபது புள்ளி எடுத்திருக்கிறாள். அவளுக்குத்தான் நான் ஆர்ட்ஸ் சொல்லிக் கொடுத்தேன். கலைப்பிரிவு லேசு என்பதும் பெரிய பிழை. அங்கேயும் வாசிக்கத்தானே வேண்டும், அதுவும் மூன்று மடங்கு.

பாடசாலை திறந்ததும் ஒரு நாள் இடைவேளையில் அவளை உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டேன். நான் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி உருப்பெருக்கும் இயந்திரம் கேட்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், சுவரோரம் இரண்டாம் வாங்கு. வெண்பலகையில் கறுப்புப் பேனா மட்டும், சிவப்பும் பச்சையும் வேண்டாம். எழுதுவதை வாயால் சொல்லவேண்டும். அழிக்க முன்னால் ஒரு குரல் கொடுக்கவேண்டும். காலைக் கூட்டத்தில் தொப்பி போட விடவேண்டும். ஐந்துக்கும் சேர்த்து ஒரு சதம் செலவில்லை. தொப்பிக்குத்தான் கொஞ்சம் இழுபறி. சீருடை ஒழுங்கு என்றார்கள். கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு அதிபர் சம்மதித்தார். அதே கடிதத்தைப் பிற்பாடு மூன்று இடங்களில் கொடுத்தோம், ஆகவே சொல்கிறேன்: மருத்துவக் கடிதம் ஒன்றைக் கையோடு எடுத்துப் பல பிரதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு பிள்ளைகளுக்கு வேறு தேவை. இப்போது எட்டாம் தரத்தில் காது சரியாகக் கேட்காத ஒரு பையன் இருக்கிறான். அவனுக்கு நான் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவதுதான் பிரச்சினை. ஒருத்திக்கு வாயால் சொல்லிக்கொண்டே எழுதிப் பழகிய நான், இவனுக்காக எழுதி முடித்துத் திரும்பி நின்று பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒன்றைப் பழகினால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பெரிய தவறு விட்டேன். பார்வைக் குறைவுள்ள பரீட்சார்த்திகளுக்குப் பெரிய எழுத்து வினாத்தாள், மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகள் உண்டு. ஆனால் அவை தாமாக வருவதில்லை. பாடசாலை மருத்துவச் சான்றோடு நேரகாலத்தோடு விண்ணப்பிக்கவேண்டும். நான் மற்ற வேலைகளுக்கிடையில் அதைத் தள்ளிப்போட்டு, திகதி தாண்டிய பிறகு ஓடினேன். 2022 மே மாதம், நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம், அவள் எல்லாரையும் போல அதே சின்ன எழுத்துத் தாளில் எழுதினாள். பல்தேர்வு விடைத்தாளில் ஒரு வரி தாண்டிப் புள்ளடி போட்டு, பத்தாவது கேள்வியில் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டாளாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தலைவலி. விஞ்ஞானத்தில் "ஏ" வந்தது, கணிதத்தில் "பி". அந்த "பி" என்னுடையது.

அதற்குப் பிறகு ஒரு மட்டை வெட்டினோம். நீளமான மட்டையில் ஒரு வரி அளவுக்கு மட்டும் ஜன்னல். விடைத்தாளின்மேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே போகலாம். உயர்தரம் முழுக்க அதைத்தான் பாவித்தாள். வரைபுத் தாளில் வெளிறிய கோடுகள் தெரியாது என்றபோது, பத்துக்கு ஒன்று என்று கறுப்புப் பேனாவால் தடித்த கோடு போட்டுக் கொடுத்தோம். பொட்டோ கொப்பி விலை ஏறியிருந்ததால் எல்லாவற்றையும் ஏ3 தாளில் பெரிதாக்கிக் கொடுக்கக் கட்டுபடியாகவில்லை. நீளமான பந்திகளைத் தட்டச்சுச் செய்து போனுக்கு அனுப்பினோம். படங்கள் மட்டும் தாளில்.

சரி, ஆய்வுகூடத்துக்கு வருவோம்.

முதல் நாள் நியமிப்புப் பரிசோதனை: அமிலத்தையும் காரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அளவு காண்பது. மூன்று மூன்று பேராகப் பிரித்தேன். இவள் குழுவில் ஒருத்தி அமிலம் ஊற்ற, ஒருத்தி அளவியை (பியுரெட், கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) திறக்க, இவளிடம் "நீ வாசிப்பைக் குறிச்சிக்கோ" என்றேன். கொஞ்ச நேரம் எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள்.

"நான் என்ன டீச்சர், கணக்கப்பிள்ளையா?"

தோட்டத்தில் மற்றவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பதிகிறவர் கணக்கப்பிள்ளை. தான் பார்க்காத ஒன்றை, இன்னொருத்தி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள் அவள். அமிலம் கண்ணில் தெறித்துவிட்டால் என்ற பயம் எனக்கு. பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, அதனால் எனக்கும் வசதியாக இருந்தது. அந்த வருடம் பையன்கள் இரண்டு குழாயியை (பிபெட்) உடைத்திருந்தார்கள், ஒருவன் தன் சட்டையில் அமிலம் ஊற்றியிருந்தான். அவர்களை யாரும் ஆர்ட்ஸுக்குப் போகச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அவள் தானே செய்தாள். ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டத்தை மேசையில் வைத்து அதற்குள்ளேதான் எல்லா வேலையும், சிந்தினாலும் தட்டத்தோடு நிற்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. போத்தல்களுக்குப் பெரிய எழுத்தில் கறுப்பு லேபல், அவற்றுக்கு மாறாத இடம்: அமிலம் இடப்பக்கம், காரம் வலப்பக்கம். யாரும் நகர்த்தக்கூடாது என்பது குழுவுக்குள் சட்டம். அளவியின் வாசிப்புத்தான் சிக்கலாக இருந்தது. கண்ணாடிக் குழாய்க்குள் நிறமில்லாத கரைசல், அதன் வளைந்த மேற்பரப்புத்தான் பிறையுரு. பிறையுருவின் அடி எந்தக் கோட்டில் நிற்கிறது என்பது நல்ல கண்ணுக்கே சோதனை. பழைய ஃபைல் மட்டை ஒன்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, கீழ்ப்பாதிக்குக் கறுப்பு மை பூசினோம். அதை அளவிக்குப் பின்னால் பிடித்து, கறுப்பு விளிம்பைப் பிறையுருவுக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்தால், பிறையுருவின் அடி கறுத்து, கத்தியால் வெட்டியதுபோல் தெரியும். பிறகு என் போனைத் தாங்கியில் கட்டி, அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கி வாசித்தாள். பிள்ளைகள் போன் கொண்டுவர அனுமதியில்லை, ஆகவே என்னுடையதுதான் இரண்டு வருடமும் ஆய்வுகூட உபகரணம்.

நிறம் மாறும் முடிவுநிலைதான் அடுத்த தலைவலி. நிறங்காட்டியான பினோல்ப்தலீன் தரும் மெல்லிய இளஞ்சிவப்பு அவள் கண்ணுக்கு எட்டுவதற்குள் கடும் சிவப்பாகி, அளவு தாண்டிவிடும். நிறக்குருடு இல்லை, மங்கலான நிறம் பிடிபடாது, அவ்வளவுதான். என்னோடு படித்த தோழி ஒருத்தியிடம் கேட்டுத் தைமோல்ப்தலீன் கொஞ்சம் வாங்கினேன். அது நிறமற்றதிலிருந்து நீலத்துக்குப் போகும். ஐதரோகுளோரிக் அமிலத்துக்கும் சோடியம் ஐதரொட்சைட்டுக்கும் அது தாராளமாகப் பொருந்தும். பக்கத்தில் இன்னொரு குடுவையில் சும்மா தண்ணீரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்று வகுப்பிலேயே மூன்று வாசிப்பும் ஒன்றோடொன்று மிகக் கிட்ட வந்தது அவளுக்குத்தான். அவசரப்படாமல் துளித்துளியாக விட்டதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நுணுக்குக்காட்டி இன்னும் லேசு. கண்வில்லையில் போன் கமராவைப் பொருத்தினால் வெங்காயத்தோல் கலம் திரை முழுக்க வந்துவிடும். முன்பு வரிசையில் நின்று ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தவர்கள், இப்போது அவளைச் சுற்றி நின்று ஒன்றாகப் பார்த்தார்கள்.

ஒரு நாள் கேட்டாள்: "என்னைப் போல யாராவது விஞ்ஞானியா இருக்காங்களா டீச்சர்?" நான் ஸ்டீபன் ஹாக்கிங் என்று ஆரம்பித்தேன். "அவரைத்தான் எல்லாரும் சொல்றாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேடிப் பார்த்தேன். நெதர்லாந்தில் பிறந்து மூன்று வயதில் பார்வையை முழுதாக இழந்த கீரட் வெர்மெய், சிப்பிகளையும் சங்குகளையும் விரலால் தடவியே ஆராய்ந்து, நண்டுகள் உடைக்க முயன்ற தழும்புகளிலிருந்து அவற்றின் பரிணாமக் கதையை வாசித்தவர். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைவிடப் பிடித்தது நம் நாட்டு அஜித் பெரேரா. பட்டய இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். 1992ல் அவர் போன காரின்மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். பொதுக் கட்டடங்களுக்குள் தன்னைப் போன்றவர்களும் போய்வரவேண்டும் என்று உயர் நீதிமன்றம் போய், 2011ல் அதற்கான கட்டளையை வாங்கினார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு அவள் எங்கள் ஆய்வுகூட வாசலைக் காட்டினாள். மூன்று படி, மூன்றும் ஒரே சாம்பல் நிறம். மூடுபனி நாளில் அவளுக்கு அது வெறும் சாய்தளம், இரண்டு தடவை விழுந்திருக்கிறாள். அன்று பின்னேரமே படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தோம். அரை டின்தான் போனது. (சக்கர நாற்காலிக்கு அந்த மூன்று படியும் இன்றைக்கும் மூன்று படிதான். அதற்குப் பெயின்ட் போதாது.)

பரம்பரையியல் பாடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அதில் நான் யோசிக்காமல் நடந்துகொண்டேன். அல்பினிசம் பின்னிடைவான இயல்பு என்பதற்குப் பாடப்புத்தகமே உதாரணம் கொடுக்கிறது. தாய், தந்தை இருவரும் காவிகளாக, அதாவது இயல்பு வெளியே தெரியாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று வாய்ப்பு. வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. முன்கூட்டியே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. அவள் என்னவோ குனிந்து கட்டம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தக் கட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறாள். பதினாறு வருடமாக, கிரகணத்தில் வெளியே போனதால்தான் இப்படிப் பிறந்தது என்று மாமியார்வீட்டில் பேச்சு வாங்கியவர் அந்த அம்மா. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது அப்பாதான் கேட்டார்.

"அப்ப எங்கிட்டயும் இருந்துதான் வந்ததுங்கிறீங்களா டீச்சர்?"

"ஆமாங்க, ரெண்டு பேர்கிட்டயும் இருந்துதான். யாரும் எதுவும் செஞ்சதால வரல."

அவர் ஒன்றும் பேசவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். ஆறுதலா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் இருந்திருக்கும்.

அந்த அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். இரவு ஷிப்டில் அரைத்த கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும்போது, எப்போது அடுப்புக்கு அனுப்புவது என்று பார்க்கிற இடத்தில் நிற்கிறவர். "அப்பா கண்ணால பார்க்க முந்தி மூக்கால பார்த்துடுவார் டீச்சர். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும்" என்றாள். கொழுந்தில் இருக்கும் நொதியம் (என்சைம்) ஒட்சிசனோடு சேர்ந்து கற்றெசின்கள் என்ற பொருட்களை மாற்றுவதால்தான் அந்த நிறம். தோலுக்கு நிறம் தரும் மெலனினை ஆக்குவதும் ஒரு நொதியம்தான், டைரோசினேஸ். இரண்டும் செப்பைக் கொண்ட ஒரே கூட்டத்து நொதியங்கள். அல்பினிசத்தின் ஒரு வகையில் இந்த டைரோசினேஸ்தான் வேலை செய்வதில்லை. உன்னுடையது எந்த வகை என்று பரிசோதிக்காமல் சொல்லமுடியாது என்றேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப நான் நிறம் மாறாத கொழுந்து" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து வைத்தியராக வேண்டும் என்ற பேச்சை விட்டுவிட்டாள். தலவாக்கலைப் பக்கம் போய்வரும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர்ப்பலகையை யாராவது வாசித்துக் காட்டுவார்கள். 1925ல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் வாசலைத் தாண்டிக் கொழுந்து எடுக்கப் போனவர்களின் பேத்தி உள்ளே போகவேண்டும் என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக்கூடாது. எல்லாம் முடியும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. வாகனம் ஓட்ட அனுமதிப்பத்திரம் கிடைப்பது சந்தேகம், அதனால் மலை மலையாகத் தனியே போய்வரும் வெளிக்கள வேலை கஷ்டம், உச்சி வெயிலில் நாள் முழுக்க நிற்கவும் ஏலாது. பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் படிப்பு ஆங்கிலத்தில், அது கண்ணைவிடப் பெரிய பிரச்சினை. இவற்றைச் சொன்னேன். ஆனால் 2019ல் போல முன்கூட்டியே சொல்லவில்லை, அவள் செய்து பார்த்த பிறகு, அவள் கேட்டபோது சொன்னேன். பௌதிகவியலா விவசாய விஞ்ஞானமா என்று தெரிவுசெய்ததும் அவளே. விவசாய விஞ்ஞானத்தை எடுத்தாள்.

உயர்தரத்துக்கு விண்ணப்பத்தை நான்கு மாதம் முன்னாலேயே ஆயத்தம் செய்தேன். பெரிய எழுத்து, மேலதிக நேரம் இரண்டும் கிடைத்தன. 2024 நவம்பர் 25ல் பரீட்சை தொடங்கி, இரண்டு நாளில் புயல் மழையால் இடையில் நின்றது. திரும்பத் தொடங்கியபோது டிசம்பர் 4. அந்த ஒரு கிழமையும் பாதையில் மண் சரிந்து, லயத்துக்குள் குளிரில் இருந்து படித்தாள்.

பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதிக் கைநூலை முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது எல்லாருக்கும் தெரியும், நுவரெலியாவும் பதுளையும் அந்த 5க்குள் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி ஏற்பாடு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அதற்கும் தனிக் கடிதங்கள், தனித் திகதி. தெரிவுப் பட்டியலை நிரப்பும்போது பிரபலமான பாடநெறிகளோடு நிறுத்திவிடாதீர்கள். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழினுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கே என்று எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். போவதற்கு முந்திய கிழமை, அப்பா கொடுத்துவிட்ட தேயிலைத்தூள் பொதியோடு பாடசாலைக்கு வந்தாள். நேரே ஆய்வுகூடத்துக்குப் போனாள். பன்னிரண்டாம் தரம் நியமிப்புச் செய்துகொண்டிருந்தது. அவளுடைய கறுப்பு மட்டை ஒரு பையனின் கையில்.

"டீச்சர், அது என்னோட மட்டை. எடுத்துக்கத்தான் வந்தேன்."

"தர ஏலாது. இப்ப எல்லாரும் அதை வச்சுத்தான் வாசிக்கிறாங்க. வேணும்னா வேற வெட்டிக்கோ."

அலுமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைல் மட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக் கொடுத்தேன். சுவரோரம் போய் உட்கார்ந்து, மட்டையைக் கண்ணுக்குக் கிட்ட தூக்கி, தலையை இடப்பக்கம் சாய்த்து வெட்ட ஆரம்பித்தாள். மை காய மதியமாகிவிட்டது.